நெஞ்சு படபடத்தால் ‘பயம்’ என்று தள்ளாதீர்கள்!

பிரிட்டனில் டோனி பிளேர் பிரதமராக இருந்தபோது நடந்தது இது.

2003-ம் ஆண்டு அக்டோபர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிளேருக்குத் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்தது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். டாக்டர்கள் சோதித்துப் பார்த்தார்கள். இருதயத்தின் ஓட்டம் தப்பி இருந்தது. மின்சார அதிர்ச்சி கொடுத்து அதைச் சரி செய்தார்கள். அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் படபடப்பு விடவில்லை. மறுபடியும் தலைகாட்டியது.

2004-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி, லண்டன் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரியில் பிளேருக்கு ஒரு சிகிச்சை நடந்தது. நெஞ்சைப் பிளக்கவில்லை. மெல்லிய கம்பி ஒன்றை ரத்தக் குழாய் வழியாக இருதயத்துக்குள் செலுத்தினார்கள். கோளாறு செய்யும் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்த இடத்துக்குச் சூடு வைத்தார்கள்.

அடுத்த வாரம் பிளேர் ஆப்பிரிக்கச் சுற்றுப்பயணத்தில் இருந்தார்! 2007 வரை பிரதமராகவும் இருந்தார்.

இந்தச் சிகிச்சைக்குக் ‘கதீட்டர் அப்லேஷன்’ என்று பெயர். கதீட்டர் என்றால் மெல்லிய குழாய். அப்லேஷன் என்றால் இல்லாமல் செய்துவிடுவது.

பிரதமருக்கு நெஞ்சு படபடத்தது. “உங்களுக்கு ஒன்றும் இல்லை. வீணாகப் பயப்படுகிறீர்கள். போய்த் தூங்குங்கள்” என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அதே படபடப்பு ஒரு வீட்டு மருமகளுக்கு வந்தால் என்ன சொல்கிறார்கள்?

யார் யார் என்ன சொல்கிறார்கள்?

அவள் குனிந்து தண்ணீர்க் குடத்தை எடுக்கிறாள். சுவிட்சைத் தட்டியதுபோல் நெஞ்சு அடிக்கத் தொடங்குகிறது. சாதாரணமாக நிமிஷத்துக்கு 70, 80 முறை அடிக்கும் இருதயம் 180, 200 என்று பறக்கிறது. கழுத்து நரம்பு துடிக்கிறது. மூச்சு வாங்குகிறது. கண் இருட்டுகிறது. பத்து நிமிஷமோ, ஒரு மணி நேரமோ கழித்து, சுவிட்சை அணைத்ததுபோல் சட்டென்று நின்றுவிடுகிறது. பிறகு உடம்பு ஓய்ந்துபோகிறது. அவ்வளவுதான். எழுந்து வேலையைப் பார்க்கிறாள்.

வேலை செய்யச் சோம்பல் என்று மாமியார் சொல்லுகிறார். எங்கேயோ பயந்துவிட்டாள், மந்திரித்து வா என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்லுகிறார். எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிறாய் என்று கணவர் கோபிக்கிறார். டாக்டரிடம் போனால், அவர் ஈ.சி.ஜி. எடுக்கிறார். ஈ.சி.ஜி. நன்றாக இருக்கிறது. “மனக்கவலைதான் காரணம்” என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுக்கிறார்.

கடைசியில் அவளே நம்பிவிடுகிறாள், தனக்கு மனசுதான் சரியில்லை என்று.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் அல்ல. அமெரிக்காவிலும் இதே கதைதான். இப்படித் திடீர்ப் படபடப்பு நோய் உள்ளவர் என்று பின்னால் உறுதியான 107 பேரின் பழைய கதையை அங்கே டாக்டர்கள் விசாரித்தார்கள். 1997-ம் ஆண்டு அதை வெளியிட்டார்கள். 107 பேரில் 59 பேருக்கு முதலில் பார்த்த டாக்டர்கள் நோயைக் கண்டுபிடிக்கவில்லை. அந்த 59 பேரில் பாதிப் பேர், உண்மை தெரியும் முன்பு 3 ஆண்டுக்கு மேல் அலைந்திருக்கிறார்கள்.

அந்த 59 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் ‘பயம், பரபரப்பு, மனக்கவலை’ என்று பட்டம் கட்டியிருந்தார்கள். அதிலும் ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதி! நோய் தெரியாமல் போன ஆண்களில் 100-க்கு 32 பேருக்குத்தான் ‘மனசுக் கோளாறு’ என்றார்கள். பெண்களில் 100-க்கு 65 பேருக்கு அப்படிச் சொல்லிவிட்டார்கள்.

இத்தனைக்கும், இந்தப் படபடப்பில் ஒரு முக்கிய வகை ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகமாக வருகிறது. யாருக்கு அதிகம் வருகிறதோ, அவர்கள் பேச்சுத்தான் எடுபடவில்லை.

கூட்டம் நிறைந்த ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிஷம் கிடைத்தால் பெரிது. மனப்பயத்தால் நெஞ்சு படபடப்பவர்களும் நிஜமாகவே நிறைய இருக்கிறார்கள். டாக்டரை மட்டும் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. ஆனால் “ஈ.சி.ஜி. நன்றாக இருக்கிறது” என்ற ஒரே வார்த்தையில் கதையை முடிப்பது சரி அல்ல. திருடன் ஓடிப்போன பிறகு வீட்டைப் படம் பிடித்து, “திருடன் இல்லையே” என்று சொல்வதுபோன்றது அது.

படபடப்பு இருக்கும்போதே ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். அப்போதுதான் திருடன் கையும் களவுமாகப் பிடிபடுவான்.

நெஞ்சுக்குள் ஒரு கரண்டு லைன்

இருதயம் எப்படித் தானாகவே அடிக்கிறது?

இருதயத்தில் நான்கு அறைகள். மேலே இரண்டு, கீழே இரண்டு. வலது பக்க மேல் அறையின் சுவரில் ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது. அதுதான் தாளக்காரன். அதிலிருந்து லேசான மின்சாரம் கிளம்புகிறது. நாள் ஒன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை! இந்த முடிச்சை 1907-ம் ஆண்டு இங்கிலாந்தில் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்ற இருவர் கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

மேல் அறைகளுக்கும் கீழ் அறைகளுக்கும் நடுவே மின்சாரம் பாயாத ஒரு தடுப்பு உண்டு. அந்தத் தடுப்பில் ஒரே ஒரு வாசல். ரயில்வே கேட் போன்றது அது. மேலிருந்து வரும் மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்து, பிறகு கீழே விடும். ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்தான். அதற்குள் மேல் அறைகளில் உள்ள ரத்தம் கீழே இறங்கிவிடும். இந்தக் கேட்டை 1906-ல் கண்டுபிடித்தவர், ஜப்பானிலிருந்து ஜெர்மனிக்குப் படிக்கப் போன சுனாவோ தவாரா.

சிலருக்குப் பிறவியிலேயே இன்னொரு குறுக்கு வழி இருக்கிறது. நூலிழை போன்ற தசை. கேட் வழியாக இறங்கிய மின்சாரம், அந்தக் குறுக்கு வழியாக மறுபடி மேலே ஏறுகிறது. மேலே போனது கேட் வழியாகத் திரும்பக் கீழே வருகிறது. செக்கு மாடுபோல் சுற்றிக்கொண்டே இருக்கிறது! ஒவ்வொரு சுற்றுக்கும் இருதயம் ஒருமுறை அடிக்கிறது. அதனால்தான் 180, 200 என்று பறக்கிறது. சுற்று எங்கேயாவது அறுந்தால், படபடப்பும் சட்டென்று நிற்கிறது.

வேறு சிலருக்குக் கேட்டுக்குப் பக்கத்திலேயே இரண்டு பாதை இருக்கும். ஒன்று வேகமான பாதை. ஒன்று மெதுவான பாதை. மின்சாரம் ஒன்றில் போய் மற்றொன்றில் திரும்பும். பெண்களுக்கு அதிகமாக வருவது இந்த வகைதான்.

பிளேருக்கு இருந்தது மேல் அறைக்குள்ளேயே மின்சாரம் சுற்றும் வகை.

இவற்றில் எதற்கும் மனப்பயம் காரணம் அல்ல. மந்திரித்தாலும் குறுக்கு வழி அடையாது!

குறுக்கு வழி உள்ளவர்களை 1930-ம் ஆண்டில் அடையாளம் காட்டியவர்கள் மூன்று டாக்டர்கள். பாஸ்டன் நகரில் லூயி வுல்ஃப், பால் ஒயிட். லண்டனில் ஜான் பார்க்கின்சன். வேறு குறை இல்லாத 11 பேரின் ஈ.சி.ஜி.யில் ஒரே மாதிரி விசித்திரம் இருப்பதை அவர்கள் எழுதினார்கள். இன்றும் அந்த நோய்க்கு மூவரின் பெயரும்தான் வழங்குகிறது.

தன் கையைத் தானே அறுத்த டாக்டர்

இருதயத்துக்குள் கம்பி விடலாம் என்ற எண்ணம் எப்படி வந்தது?

1929-ம் ஆண்டு. ஜெர்மனியில் எபர்ஸ்வால்டே என்ற ஊர். அங்கே வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டர் வேலை பார்த்தார். வயது சுமார் 25. கை ரத்தக் குழாய் வழியாக ஒரு குழாயை இருதயம் வரை கொண்டுபோகலாம் என்று அவர் நினைத்தார். இருதயத்தைத் தொட்டால் ஆள் செத்துப்போவான் என்று உலகம் நம்பிய காலம் அது. பெரிய டாக்டர் கண்டிப்பாகக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

ஃபோர்ஸ்மன் கேட்கவில்லை. கருவிகளைப் பூட்டி வைத்திருந்த நர்சிடம் பேசி அவரைச் சம்மதிக்க வைத்தார். “என் மேலேயே செய்து பாருங்கள்” என்று அந்த நர்சு துணிந்து முன்வந்தார். ஃபோர்ஸ்மன் அவரை மேஜையில் படுக்க வைத்துக் கட்டினார். பிறகு, அவருக்குத் தெரியாமல் தன் கையைத் தானே அறுத்து, குழாயைத் தன் ரத்தக் குழாய்க்குள் செலுத்தினார்!

குழாய் கையில் இருக்க, எக்ஸ்ரே அறைக்குப் படி இறங்கி நடந்து போனார். எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே மேலும் தள்ளினார். மொத்தம் 65 சென்டிமீட்டர். குழாயின் நுனி இருதயத்துக்குள் போய் நின்றது. படம் எடுத்துக்கொண்டார்.

செத்தாரா? சாகவில்லை. அவருடைய வேலைக்குத்தான் ஆபத்து வந்தது. பெரிய ஆஸ்பத்திரிகள் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இருதய ஆராய்ச்சியையே விட்டுவிட்டு, சிறுநீர்ப் பாதை வைத்தியம் பார்க்கப் போய்விட்டார். அவருடைய வழியை அமெரிக்காவில் கூர்நான், ரிச்சர்ட்ஸ் என்ற இரு டாக்டர்கள் வளர்த்தார்கள். 1956-ல் மூவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள். 27 ஆண்டு கழித்து!

ஃபோர்ஸ்மனுக்குப் பிறகும் படபடப்பு நோய்க்குக் கம்பி வைத்தியம் உடனே வந்துவிடவில்லை. முதலில் கத்தி வந்தது. 1968-ல் அமெரிக்காவில் டியூக் சர்வகலாசாலை ஆஸ்பத்திரிக்கு ஒரு மீனவர் வந்தார். வட கரோலினா கடற்கரையில் மீன் பிடிப்பவர். படபடப்பால் தொழிலுக்குப் போக முடியவில்லை. வில் சீலி என்ற டாக்டர் அவர் நெஞ்சைத் திறந்து, அந்தக் குறுக்கு வழியைக் கத்தியால் வெட்டிவிட்டார். படபடப்பு நின்றது. குறுக்கு வழிதான் குற்றவாளி என்பதும் நிரூபணமானது. ஆனால் ஒரு நூலிழையை வெட்ட நெஞ்செலும்பைப் பிளக்க வேண்டும் என்றால், எத்தனை பேர் சம்மதிப்பார்கள்?

அடுத்த படி ஒரு விபத்தால் வந்தது. பிரான்ஸ் நாட்டில், ஒரு நோயாளியின் இருதயத்துக்குள் கம்பி இருக்கும்போது, வேறு காரணத்துக்காக வெளியிலிருந்து மின்சார அதிர்ச்சி கொடுத்தார்கள். மின்சாரம் கம்பி வழியாகப் பாய்ந்து, மேலும் கீழும் இணைக்கும் லைனை எரித்துவிட்டது. 1979-ல் இதை டாக்டர்கள் எழுதினார்கள்.

தவறி நடந்ததைத் தெரிந்தே செய்தால் என்ன? ஸான்பிரான்சிஸ்கோவில் மெல்வின் ஷைன்மன் என்ற டாக்டர் முதலில் நாய்களுக்குச் செய்து பார்த்தார். 1981-ல் ஓர் எண்ணெய் வயல் தொழிலாளிக்குச் செய்தார். மனிதருக்குச் செய்த முதல் அப்லேஷன் அதுதான். கத்தி இல்லாமல், கம்பி வழியாகவே கேட்டை மூடிவிட்டார். அந்த முறையில், கேட் போனபிறகு இருதயம் அடிக்க ‘பேஸ்மேக்கர்’ என்ற மின்சாரக் கருவி தேவைப்பட்டது. பலமான அதிர்ச்சி, அதனால் ஆபத்தும் இருந்தது.

அதற்குப் பிறகு, அதிர்ச்சிக்குப் பதிலாக ரேடியோ அலை மின்சாரம் வந்தது. இது குபீர் என்று வெடிக்காது. கம்பியின் நுனி தொடும் இடத்தை மட்டும் மெதுவாகச் சூடாக்கும். சில மில்லிமீட்டர் அளவு இடம். அவ்வளவுதான். 1991-ல் அமெரிக்காவில் ஓக்லஹோமா டாக்டர் வாரன் ஜாக்மனும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். குறுக்கு வழி உள்ள 166 பேருக்கு இப்படிச் சூடு வைத்தார்கள். 164 பேருக்குக் குறுக்கு வழி போய்விட்டது!

எப்படிச் செய்கிறார்கள்?

‘இருதயத்துக்குச் சூடு’ என்றதும் குலை நடுங்குகிறது. நம் வீடுகளில் சூடு என்றால் தண்டனை. அல்லது மஞ்சள் காமாலைக்குப் போடும் நாட்டுச் சூடு. நல்ல மாட்டுக்கு ஒரு சூடு என்று பழமொழி வேறு! இந்தச் சூட்டுக்கும் அந்தச் சூட்டுக்கும் சம்பந்தம் இல்லை.

தொடை இடுக்கில் ஓர் ஊசி போட்டு, அந்த இடத்தை மரத்துப்போகச் செய்கிறார்கள். பெரியவர்கள் பலருக்கு முழு மயக்கம் கொடுப்பது இல்லை. அரைத் தூக்கத்துக்கு மருந்து தருவார்கள். பெரிய ரத்தக் குழாய் வழியாக இரண்டு மூன்று மெல்லிய கம்பிகள் இருதயத்துக்குப் போகின்றன. ரத்தக் குழாயின் உள்ளே கம்பி போவது தெரியாது. அங்கே வலி உணரும் நரம்பு இல்லை.

பிறகு நடப்பதுதான் வேடிக்கை. டாக்டர் வேண்டுமென்றே படபடப்பைக் கிளப்புகிறார்! கம்பி வழியாகச் சிறு மின்சாரத் துடிப்புகளை அனுப்பி, இருதயத்தைச் சீண்டுகிறார். “இதுதானே உங்களுக்கு வரும் படபடப்பு?” என்று கேட்கிறார். ஆண்டுக்கணக்கில் ‘பயம்’ என்ற பட்டத்தைச் சுமந்த ஒரு பெண், அந்த மேஜையில் படுத்துக்கொண்டு “ஆமாம், இதேதான்” என்று சொல்கிறாள் என்றால், அவளுக்கு எப்படி இருக்கும்!

கம்பிகள் மின்சாரம் எந்த வழியில் ஓடுகிறது என்று காட்டுகின்றன. இடம் தெரிந்ததும் கம்பி நுனியை அங்கே வைத்து, ஒரு நிமிஷம் போலச் சூடேற்றுகிறார்கள். நெஞ்சில் லேசான எரிச்சல் தெரியலாம். சூட்டுக்குப் பதில் கடுங்குளிர் கொண்டு உறையவைப்பதும் உண்டு. மறுபடி சீண்டிப் பார்க்கிறார்கள். படபடப்பு வராவிட்டால் வேலை முடிந்தது. எல்லாம் சேர்த்துச் சில மணி நேரம். பெரும்பாலும் மறுநாள் வீடு.

ஆபத்தே இல்லையா? உண்டு. மறைக்கக் கூடாது. தொடையில் ரத்தம் கட்டலாம். அபூர்வமாக இருதயச் சுவரில் துளை விழுந்து, சுற்றியுள்ள உறையில் ரத்தம் சேரலாம். கேட்டுக்குப் பக்கத்தில் சூடு வைக்கும் வகையில், நூற்றில் ஒருவருக்கு அல்லது அதற்கும் குறைவானவருக்குக் கேட்டே பழுதாகலாம். அவருக்கு ஆயுள் முழுவதும் பேஸ்மேக்கர் வேண்டியிருக்கும். இதைக் கையெழுத்து வாங்கும்போது அவசரமாக வாசித்துவிட்டுப் போகக் கூடாது. உட்கார வைத்து, புரியும்படி சொல்ல வேண்டும். அது டாக்டரின் கடமை.

மாத்திரையே போதாதா?

சிலருக்குப் போதும். ஆண்டுக்கு ஒரு முறை, இரண்டு நிமிஷம் வந்து போகிறது என்றால், மாத்திரைகூட வேண்டாம். டாக்டரே அப்படிச் சொல்வார்.

அடிக்கடி வருகிறவர்கள் கதை வேறு. மாத்திரை படபடப்பை அடக்கி வைக்கும். குறுக்கு வழியை நீக்காது. இருபது வயதுப் பெண் எத்தனை ஆண்டு மாத்திரை சாப்பிடுவாள்? கர்ப்ப காலத்தில் படபடப்பு அதிகமாகலாம். அப்போது எல்லா மாத்திரையும் கொடுக்கவும் முடியாது. அதனால்தான், குழந்தை பெறும் முன்பே அப்லேஷன் செய்துகொள்வது நல்லது என்று பல டாக்டர்கள் சொல்கிறார்கள்.

ஆனால் பெற்றோர் செய்வது நேர் எதிர். “கல்யாணம் ஆக வேண்டிய பெண். இருதய நோய்க்காரி என்று பெயர் வந்துவிடுமே” என்று மூடி மறைக்கிறார்கள். கல்யாணம் ஆகிறது. புகுந்த வீட்டில் படபடப்பு வருகிறது. “இதை ஏன் சொல்லவில்லை?” என்று சண்டை வருகிறது. ஒருமுறை சூடு வைத்தால் நூற்றுக்கு 90-க்கு மேற்பட்டவர்களுக்குப் போய்விடும் கோளாறு இது. நீக்கிவிடக் கூடிய ஒன்றை மறைத்து வைப்பது எந்த ஊர்ப் புத்திசாலித்தனம்?

குறுக்கு வழி உள்ள சிலருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. மேல் அறை தாறுமாறாகத் துடிக்கும் நோயும் சேர்ந்துகொண்டால், அந்தத் துடிப்பு முழுவதும் கேட்டில் நிற்காமல் குறுக்கு வழியாகக் கீழே பாயும். உயிருக்கே ஆபத்தாகலாம். இது அபூர்வம்தான். ஆனால் அபூர்வம் என்று சொல்லிச் சும்மா இருக்க முடியாது. யாருக்கு ஆபத்து என்று பார்த்துச் சொல்லப் பரிசோதனை இருக்கிறது.

எல்லாப் படபடப்புக்கும் கம்பியா?

இல்லை. இதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனென்றால், நல்ல வைத்தியம் ஒன்று வந்தால், அதைக் கண்ட கண்ட நோய்க்கும் விற்கப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ரத்த சோகை இருந்தால் நெஞ்சு படபடக்கும். தைராய்டு அதிகம் சுரந்தால் படபடக்கும். காய்ச்சலில் படபடக்கும். இதற்கெல்லாம் இருதயத்தில் சூடு வைக்கக் கூடாது. மூல நோயைப் பார்க்க வேண்டும். இப்படி வரும் படபடப்பு மெல்ல ஏறி, மெல்ல இறங்கும். சுவிட்சுப் போல வராது.

மாரடைப்பு வந்துபோனவர்களுக்குக் கீழ் அறையிலிருந்து படபடப்புக் கிளம்பினால், அது வேறு. அது அவசரம். அதற்கும் அப்லேஷன் உண்டு. ஆனால் அது பெரிய வேலை.

முதியவர்களுக்கு அதிகம் வருவது, மேல் அறை தாறுமாறாக நடுங்கும் நோய். ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்று டாக்டர்கள் சொல்வார்கள். ரத்தம் மேல் அறையில் தேங்கி உறைந்து, மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரக்கூடும். 1998-ல் பிரான்ஸ் நாட்டு போர்டோ நகரில் மிஷேல் ஹைசகேர் என்ற டாக்டர் இதில் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தார். நுரையீரலிலிருந்து இருதயத்துக்கு வரும் ரத்தக் குழாய்களின் வாயிலிருந்துதான் பலருக்கு இந்த நடுக்கம் கிளம்புகிறது என்று காட்டினார். அந்த வாயைச் சுற்றிச் சூடு வைத்து, வேலி கட்டுகிறார்கள்.

இதில் நன்மை உண்டு. ஆனால் குறுக்கு வழியை வெட்டுவது போன்ற நிச்சயம் இல்லை. சிலருக்கு இரண்டாம் முறை, மூன்றாம் முறை செய்ய வேண்டி வருகிறது. 2,204 நோயாளிகளைக் கொண்டு பல நாடுகளில் ஒரு பெரிய சோதனை நடந்தது. 2019-ல் அதன் முடிவு வெளியானது. அப்லேஷன் செய்துகொண்டவர்களுக்குப் படபடப்புக் குறைந்தது. நடமாட்டம் சுகமானது. ஆனால் சாவு, பெரிய பக்கவாதம் போன்றவை மாத்திரை சாப்பிட்டவர்களைவிடத் தெளிவாகக் குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. ஆகவே, பக்கவாதத்தைத் தடுக்க ரத்தம் உறையாத மருந்து வேண்டியவர்கள், “சூடு வைத்தாகிவிட்டதே” என்று தாமாகவே அதை நிறுத்தக் கூடாது.

“ஒரே நாளில் படபடப்பு ஒழியும்” என்று பொதுவாக விளம்பரம் செய்வது ஏமாற்று. எந்த வகைப் படபடப்பு என்று முதலில் சொல்லட்டும்.

படபடப்பு வரும்போது என்ன செய்வது?

மணிக்கட்டில் நாடியைப் பிடித்து 15 விநாடி எண்ண வேண்டும். அதை நான்கால் பெருக்கினால் ஒரு நிமிஷக் கணக்கு. எண்ண முடியாத வேகம் என்றால், அதுவே ஒரு தகவல். பக்கத்தில் இருப்பவர் எண்ணினால் இன்னும் நல்லது. எத்தனை மணிக்குத் தொடங்கியது, எப்படி நின்றது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். “திடீரென்று வந்து திடீரென்று நிற்கிறது” என்று டாக்டரிடம் சொல்ல மறக்கக் கூடாது. அந்த ஒரு வாக்கியம் பல பரிசோதனைக்குச் சமம்.

மூச்சை அடக்கி முக்கினால் சிலருக்குப் படபடப்பு நின்றுவிடும். இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் 428 பேரிடம் இதைச் சோதித்தார்கள். 2015-ல் வெளியிட்டார்கள். உட்கார்ந்தபடி 15 விநாடி முக்கி ஊதச் சொன்னார்கள். உடனே மல்லாக்கப் படுக்க வைத்து, கால்களைத் தூக்கிப் பிடித்தார்கள். நூற்றுக்கு 43 பேருக்கு, ஊசி மருந்து இல்லாமலே ஓட்டம் சரியானது. சும்மா முக்கியவர்களில் 17 பேருக்குத்தான் நின்றது. காலைத் தூக்கிப் பிடிக்கக் காசு வேண்டாம்! ஆனால் இது எல்லோருக்கும் பொருந்தாது. உங்கள் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

மயக்கம் வந்தாலும், நெஞ்சு வலித்தாலும், மூச்சுத் திணறினாலும் வீட்டில் எதையும் செய்து பார்க்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நிற்காத படபடப்பு என்றால், பக்கத்தில் ஈ.சி.ஜி. இருக்கும் இடம் எதுவோ, அங்கே போக வேண்டும். “இப்போது படபடக்கிறது, இப்போதே ஈ.சி.ஜி. எடுங்கள்” என்று கேட்க வேண்டும். ஊசி போட்டு நிறுத்தும் முன்பு எடுக்கச் சொல்ல வேண்டும். உயிருக்கு அவசரம் என்று டாக்டர் சொன்னால் ஒழிய, இதில் கூச்சம் வேண்டாம். அந்த ஒரு தாள்தான் சாட்சி. படபடப்பு அபூர்வமாக வருகிறவர்களுக்கு, உடம்பில் ஒட்டிக்கொண்டு நாள் கணக்கில் பதிவு செய்யும் சிறு கருவிகளும் இப்போது வந்திருக்கின்றன.

அந்தத் தாளை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வரக் கூடாது. கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பல ஈ.சி.ஜி. தாள்கள் சூட்டில் எழுத்து விழும் வகை. நாளாக ஆகக் கோடுகள் மங்கி, வெறும் தாளாகிவிடும். அன்றைக்கே ஒரு நகல் எடுத்து, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள்.